பதினோர் இடங்களும் எட்டாம் எண் காலணியும்

எங்கள் கடைவீதிக் காலணிக்கடையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் விற்பனையாளராக இருந்து ஓய்வுபெற்றவரை ஊரார் 'இளகிடும்' என்றே குறிப்பிடுவர். வெறுப்பால் இட்ட பெயரன்று. அவர் வாயிலிருந்து நாளொன்றுக்கு நாற்பது முறையேனும் உதிர்ந்த வாக்கியத்தின் கடைசிச் சொல் அது. முழு வாக்கியம் வருமாறு: "போடப் போட இளகிடும்."

அக்கடையின் முதலாளி, மொத்தச் சந்தையில் எட்டாம் எண் காலணிகள் மலிவாகக் கிடைத்தபோதெல்லாம் வாங்கிக் குவிப்பவர். பிற எண்கள் வாரக்கணக்கில் இருப்பில் இரா. ஆகவே அங்கே நுழைந்த ஆண்களின் பாதங்கள், படைத்தவன் எந்த அளவில் படைத்திருந்தாலும், எட்டாம் எண்ணாகவே வெளியேறின. ஏழாம் எண் காலுக்கு உள்ளே ஓர் அட்டை. ஒன்பதாம் எண் காலுக்கு அந்த வாக்கியம். என் இடக்காலின் சுண்டுவிரல் சற்றே உள்நோக்கி வளைந்திருப்பதற்குக் காரணம் யார் என்பதை இங்கே எழுதி, ஒரு நல்ல மனிதரின் பெயரைக் கெடுக்க விரும்பவில்லை.

வாக்கியத்தோடு ஒரு கலையும் அவரிடம் இருந்தது. வாடிக்கையாளர் முகத்தைச் சுளித்து, கொஞ்சம் பிடிக்கிறதே என்றால், அவர் மறுத்துப் பேச மாட்டார். அரை அளவு பெரியது உள்ளே இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று கூறி, கழற்றிய காலணிகளையும் கையோடு எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் செல்வார். அங்கே நின்று மனத்துக்குள் இருபது வரை எண்ணுவார். பின்னர் அதே காலணிகளை வேறொரு பெட்டியில் இட்டுக் கொண்டுவந்து, முழந்தாளிட்டு அமர்ந்து, குதிகாலில் உலோகக் கரண்டியைச் செருகி மாட்டிவிடுவார். பத்துப் பேரில் ஒன்பது பேர் இப்போது சரியாக இருக்கிறது என்பர். பத்தாமவருக்கு வாக்கியம் இருக்கவே இருக்கிறது. இதனை அவர் பொய் என்று கருதியதில்லை. தோல் இளகும் என்பது உண்மை. எத்தனை ஆண்டுகளில் என்று எவரும் கேட்டதில்லை.

வியப்பு என்னவென்றால், அவர் தாமே ஒரு நாள் முழுவதும் காலணி அணிந்து நடந்தவரல்லர். கடைக்குள் வெறுங்கால், வீட்டுக்கும் கடைக்கும் இடையிலான நானூறு அடித் தொலைவுக்கு ரப்பர் செருப்பு. ஓய்வுபெற்ற அன்று முதலாளி வாழ்த்துமடலோடு சேர்த்துக் கொடுத்த பரிசு, ஒரு ஜோடிக் கறுப்புத் தோல் காலணி. எண்ணைச் சொல்லவும் வேண்டுமா? நின்று நின்று அகன்ற அவருடைய பாதமோ ஒன்பது. வெளிநாட்டு மாநகர் ஒன்றில் வாழும் மகள் வீட்டுக்கு ஒரு மாதம் தங்கப் போனபோது, அக்காலணிகள் பெட்டியின் அடியில் பழைய துண்டில் சுற்றப்பட்டுப் பயணம் செய்தன. போட்டுப் பார்த்தீர்களா என்று மனைவி கேட்டதற்கு, அவர் வழக்கமான விடையையே அளித்தார்.

"எது இளகும்? ஷூவா, காலா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மையார் பெட்டியை மூடினார்.

மகள் வீட்டில் சம்பந்தியும் அவர் மனைவியும் பதினைந்து நாள் முன்னதாகவே வந்து தங்கியிருந்தனர். சம்பந்தி, ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆறடி உயரம், அதிகம் பேசார். அவரை நினைத்தாலே விற்பனையாளரின் மனைவிக்குப் பயம். காரணம், திருமணப் புகைப்படத் தொகுப்பு. அதில் சம்பந்தி எண்பத்தாறு படங்களில் இருக்கிறார். எண்பத்தாறிலும் விளக்கெண்ணெய் குடித்தவர்போல் இருக்கிறார். அதன்பின் ஐந்தாண்டுகளில் ஒரு முறைகூட அவர் இவர்கள் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. அழைத்தபோதெல்லாம் ஏதோ ஒரு வேலை வந்தது.

என்ன குறை வைத்தோம் என்று அம்மையார் ஐந்தாண்டுகளாக ஆராய்ந்து வந்தார். மண்டபத்தில் அவர் நின்ற இடத்தில் மின்விசிறி இல்லை. சாப்பாட்டுப் பந்தி அரைமணி நேரம் தாமதம். உறவினர் ஒருவர் அவரைச் சமையற்காரர் என்று எண்ணித் தண்ணீர் கேட்டுவிட்டார். இவ்வாறு பதினேழு குறைகள் அம்மையாரிடம் வரிசையாக இருந்தன. சம்பந்திக்கு அன்பளிப்பாகக் கொடுத்த பழுப்பு நிறக் காலணி மட்டும் அந்த வரிசையில் இல்லை. கடையிலேயே உயர்ந்த சரக்கு. மணமகளின் தந்தையே சம்பந்தியைக் கடைக்கு அழைத்துச் சென்று தம் கையால் மாட்டிவிட்டது. அதில் என்ன குறை இருக்க முடியும்?

ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்று குறித்த நாளின் காலையில், அம்மையார் கணவரைக் குளியலறை வாசலில் நிறுத்தினார்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் அவர் மனசு கோணாம நடந்துக்குங்க. அவர் சிரிச்ச மாதிரி ஒரே ஒரு போட்டோ கிடைச்சாப் போதும். எனக்கு இந்த ஊர்ல வேற எதையும் பாக்க வேண்டாம். இல்லைன்னா நம்ம பொண்ணு ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நின்னே காலத்தை ஓட்டணும்."

விற்பனையாளர் தலையசைத்தார். அவருக்கும் அது உறுத்தலாகவே இருந்தது.

மாப்பிள்ளை, அலுவலகத்தில் பிறர் செய்ய வேண்டிய வேலைகளுக்குக் கால அட்டவணை தயாரிப்பவர். தம் தொழில் திறமை முழுவதையும் காட்டி, காலை எட்டு நாற்பது முதல் மாலை ஆறு மணி வரை ஒன்பது இடங்களைப் பார்க்கும்படி ஓர் அட்டவணை வகுத்திருந்தார். அரண்மனைக்கு முப்பத்தைந்து நிமிடம். மூவாயிரம் ஆண்டு வரலாறு கொண்ட அருங்காட்சியகத்துக்கு இருபத்தைந்து நிமிடம். கழிப்பறைக்கு நபர் ஒருவருக்கு நான்கு நிமிடம். அட்டவணையை மனைவியின் கைப்பேசியில் ஏற்றிவிட்டு, அவர் அலுவலகம் சென்றுவிட்டார். திட்டம் வகுப்பவர் நடக்க வேண்டியதில்லை என்பது உலக வழக்கு. சம்பந்தியம்மாளோ, முழங்காலைக் காரணம் காட்டி, ஊரைத் தொலைக்காட்சியிலேயே பார்த்துக்கொள்வதாகக் கூறி நாற்காலியில் அமர்ந்துவிட்டார். அன்று அந்நகரில் இருந்தவர்களுள் அறிவாளி அவரே.

வாசலில் சம்பந்தி காலணி அணிந்துகொண்டிருந்தார். விற்பனையாளர் மனிதர்களைக் காலிலிருந்து மேல்நோக்கிப் பார்த்தே பழகியவர். கண்டதும் அவர் நெஞ்சு நிறைந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் தாம் கொடுத்த அதே பழுப்பு நிறக் காலணி! அடியில் ஒரு கீறல் இல்லை. தோலில் ஒரு மடிப்பு இல்லை.

"பாத்தியா, சரக்கு எப்படி உழைக்குது" என்று மனைவியின் காதில் ஓதினார். உழைத்த காலணியில் கீறல் விழாமல் இருப்பது எப்படி என்னும் கேள்வி, முப்பத்து நான்கு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு எழவில்லை. அவரும் தம் பரிசுக் கறுப்புக் காலணிகளைத் துண்டிலிருந்து எடுத்து முதன்முறையாக மாட்டிக்கொண்டார்.

அரண்மனை வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. அதன் நான்காம் கூடத்தில் விற்பனையாளரின் வலக்காலின் சுண்டுவிரல் முதன்முதலாகப் பேசத் தொடங்கியது. ஏழாம் கூடத்தில் குதிகால் அதனோடு சேர்ந்துகொண்டது. மகள், ஓவியம் தீட்டிய விதானத்தைக் காட்டி, மேலே பாருங்கள் அப்பா என்றாள். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் அந்நகரைப் பற்றிக் கேட்டால், அவர் தரைகளை வரிசைப்படுத்தித்தான் சொல்கிறார்: அரண்மனை வழுவழுப்பு, அருங்காட்சியகம் மரம், நடுவில் கம்பளம், கடவுள் நன்றாக இருக்கட்டும், பழைய தெரு முழுவதும் உருண்டைக் கல், அதனைப் பதித்தவன் நாசமாய்ப் போக.

அருங்காட்சியகத்தில் அவர் கண்ட பழம்பொருள்களுள் நினைவில் நின்றது ஒன்றே. அது ஓர் அரசனின் சிம்மாசனம். உட்காரக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள்.

அரண்மனையின் நுழைவாயிலிலேயே சம்பந்தியின் முகம் திருமணத் தொகுப்பில் கண்ட முகமாக மாறியிருந்தது. புருவங்கள் நெருங்கின, உதடுகள் அழுந்தின. அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்ததும் மகள், "மாமா, களைப்பா இருக்கா? ரெண்டு இடத்தை விட்டுடலாமா?" என்று கேட்டாள். விற்பனையாளர் அந்த முகத்தைப் பார்த்தார். இவ்வளவு தூரம் அழைத்து வந்து இவ்வளவுதானா காட்டினீர்கள் என்று அது கேட்பதாகவே அவருக்குப் பட்டது.

"எதுக்கு விடணும்? இன்னும் ஒரு இடம் சேத்தே பாக்கலாமே. என்ன சம்பந்தி?" என்றார்.

"அதுக்கென்ன" என்றார் சம்பந்தி, பற்களைச் சேர்த்துக் கடித்தபடி.

ஒன்பது, பத்து ஆயிற்று. பாலத்தின் நடுவில் மீண்டும் அதே கேள்வி, அதே முகம், அதே விருந்தோம்பல். பத்து, பதினொன்று ஆயிற்று. மகள் திகைத்தாள். தாயாருக்கோ மகளிடம் கடன் வாங்கிய துணிக்காலணி பஞ்சுபோல் இருந்தது. அவர் கணவரின் நடை ஒருபுறமாகச் சாய்வதைக் கவனித்து, காலில் என்ன என்று கிசுகிசுத்தார். ஒன்றுமில்லை என்றார் அவர். தம் கடைக் காலணி கடிக்கிறது என்று ஒப்புக்கொண்டால், முப்பத்து நான்கு ஆண்டுகள் சொன்ன வாக்கியம் என்னாவது? அதுவும் தம்மிடமே காலணி வாங்கிய சம்பந்தியின் முன்னிலையிலா?

பாலத்துக்கு அப்பால் நிலத்தடி ரயில் ஏற வேண்டியிருந்தது. பெட்டி பாதி காலி. விற்பனையாளர் இருக்கைகளைக் கண்டதும் கண் கலங்கினார். ஆனால் சம்பந்தி உட்காரவில்லை. கதவோரக் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டார். ரயிலில் நின்றே பழகியவர் அல்லவா என்று எண்ணி, அவர் நிற்கத் தாம் உட்காருவது முறையன்று என்று இவரும் நின்றார். பெண்வீட்டார் உட்காருமுன் தாம் உட்காருவது முறையன்று என்றே சம்பந்தி நின்றார் என்பது பின்னர்த் தெரிந்தது. பதினான்கு காலி இருக்கைகள் எதிரே இருக்க, இருவரும் ஆறு நிலையங்கள் மரியாதையாக நின்றனர். ஆறு நிலையங்களிலும் பயணச்சீட்டைப் பரிசோதிக்க ஒருவரும் வரவில்லை. அது குறித்துச் சம்பந்தி ஒரு சொல் சொன்னார். அன்று அவர் தாமாகச் சொன்ன முதல் சொல்லும் அதுவே.

"அநியாயம்."

நண்பகல் உணவு, நின்றுகொண்டே உண்ணும் கடையில் அமைந்தது. மாப்பிள்ளையின் அட்டவணையில், அமர்ந்து உண்பது பதினெட்டு நிமிட இழப்பு என்று குறிப்பு இருந்தது. அதன்பின் ஒரு சந்தை, ஒரு பூங்கா, ஒரு கண்ணாடி மாளிகை, யாரோ ஒரு பெரியவர் குதிரைமேல் இருக்கும் சதுக்கம். குதிரைமேல் இருப்பவரை இரு முதியவர்களும் பொறாமையோடு நிமிர்ந்து பார்த்தனர். மகள் ஒவ்வோர் இடத்திலும் கைப்பேசியை நீட்டி, சிரிக்கச் சொன்னாள். படத்துக்குப் படம் இருவர் முகமும் உடன்பிறந்தவர் முகம்போல் ஒத்துவந்தன. அம்மையார் அப்படங்களைப் பார்த்துவிட்டு, தம்முடைய ஐந்தாண்டு ஆராய்ச்சியில் பதினெட்டாவதாக எதைச் சேர்ப்பது என்று யோசித்தார்.

மாலை ஐந்தரை மணி அளவில் பதினோராம் இடத்தை அடைந்தனர். அது ஒரு மணிக்கூண்டு. முந்நூற்றுப் பதினொரு படிகள். மின்தூக்கி பழுது என்று அறிவிப்பு தொங்கியது. அதைப் படித்துச் சொல்லும்போது மகளின் குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. அப்போதும் விற்பனையாளர் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். அப்போதும் அந்த முகம் அப்படியே இருந்தது.

"ஏறலாமே" என்றார்.

"அதுக்கென்ன" என்றார் சம்பந்தி.

மூன்றாம் படியில் விற்பனையாளரின் கால்கள் அவருடைய அனுமதியின்றியே முடிவெடுத்துவிட்டன. அவர் அமர்ந்தார். அமர்ந்தது மட்டுமன்றி, மனைவியும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, வலக்காலணியின் நாடாவை அவிழ்த்துக் காலணியைக் கழற்றினார். காலுறையின் குதிகால் பகுதி சிவந்திருந்தது. அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முப்பத்து நான்கு ஆண்டு வாக்கியம் மூன்றாம் படியில் கிடந்தது.

சம்பந்தி மெல்ல அவருக்கு அருகில் அமர்ந்தார். தம் பழுப்புக் காலணிகள் இரண்டையும் கழற்றிப் படியில் ஒழுங்காக வைத்தார்.

"சம்பந்தி, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"அஞ்சு வருஷம் ஆச்சு. இது எப்ப இளகும்?"

விற்பனையாளர் கையிலிருந்த காலணியைக் கீழே வைத்தார். சம்பந்தி, ஐந்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னார். திருமணத்தன்று அக்காலணியோடு ஆறு மணி நேரம் நின்றாராம். யார் வந்தார், யார் வாழ்த்தினார் என்பது எதுவும் அவருக்கு நினைவில்லை. கால்விரல்கள் மட்டுமே நினைவில் உள்ளன. மறுநாள் அதனைப் பெட்டியில் வைத்தவர், இன்று காலை வரை தொடவில்லை. அவர்கள் கொடுத்ததை அவர்கள் முன் ஒரு நாளேனும் அணியுங்கள் என்று மனைவி வற்புறுத்தியதால்தான் இன்று அணிந்தார்.

"அப்ப எங்க வீட்டுக்கு நீங்க வராதது..." என்று அம்மையார் இழுத்தார்.

"வரணும்னா இதைப் போட்டுக்கிட்டு வரணுமே, அம்மா. நீங்க கொடுத்ததை விட்டுட்டு வேற போட்டுக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்?"

"அப்ப ஃபேன் இல்லாதது? சாப்பாடு லேட்டானது?"

"சாப்பாடு லேட்டாச்சா?" என்று சம்பந்தி வியப்புடன் கேட்டார்.

பதினேழு குறைகளை ஐந்தாண்டுகள் பாதுகாத்தவர் அவற்றை ஒரே நொடியில் இழந்து, தாமும் ஒரு படியில் அமர்ந்தார்.

விற்பனையாளர் அப்போது செய்ததை அவர் மனைவி இன்றும் வருவோரிடமெல்லாம் கூறுகிறார். அவர் இரண்டு படி இறங்கி, கடையில் அமர்வதுபோல் முழந்தாளிட்டார். சம்பந்தியின் வலப்பாதத்தைக் கையில் ஏந்தினார். கட்டைவிரலையும் நடுவிரலையும் விரித்து அளந்தார். அளக்க வேண்டிய தேவை அவருக்கு இருந்ததில்லை. ஒரு பார்வை போதும்.

"ஒன்பது" என்றார். "அன்னிக்கே தெரியும். ஒன்பது ஸ்டாக் இல்ல. அரை சைஸ் பெருசுன்னு உள்ள போய் எடுத்துட்டு வந்தேனே... அதுவும் இதே ஜோடிதான். பெட்டிதான் வேற."

சம்பந்தி காலை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் புருவங்கள் விலகவும் இல்லை.

"டிக்கெட் இல்லாதவனை மூஞ்சியைப் பாத்தே பிடிச்சிடுவேன். முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒருத்தன் என்னை ஏமாத்தினதில்ல" என்றார். பிறகு காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, காலுறையோடு படியிறங்கி நடக்கத் தொடங்கினார்.

அம்மையாருக்கு உயிரே போய்விட்டது. ஐந்தாண்டுகளாக இல்லாத குறையை இந்த மனிதர் ஐந்து நிமிடத்தில் உண்டாக்கிவிட்டாரே என்று கணவரைப் பார்த்த பார்வையில், அவர் குதிகால் வலியை மறந்தார். அவரும் எழுந்து, வீங்கிய கால்களோடு, காலணிகளைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். வீங்கிய கால் எந்தக் காலணிக்குள்ளும் மீண்டும் நுழைவதாக இல்லை. கல் தரையோ பனிபோல் குளிர்ந்தது. மகள் தான் கண்ட முதல் காலணிக்கடைக்குள் அனைவரையும் புகுத்தினாள்.

அங்கே கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்ட நடுவயது விற்பனைப் பெண் ஒருவர், புன்னகையோடு முழந்தாளிட்டு அமர்ந்தார். மகள் ஒன்பதாம் எண்ணுக்கு ஈடான அளவை அந்நாட்டு மொழியில் சொன்னாள். சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி வந்தது. சம்பந்தி காலை நுழைத்தார், விரல்கள் மடங்கின. அவர் முகத்தைக் கண்ட அப்பெண், கனிவாக ஏதோ கூறிவிட்டு, அக்காலணிகளை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் சென்றார்.

விற்பனையாளர் நிமிர்ந்தார். தம் தொழிலின் கருவறைத் திறவுகோலை எடுத்து நீட்டுபவர்போல் சம்பந்தியின் பக்கம் சாய்ந்தார்.

"சம்பந்தி, எண்ணுங்க. இருபதுக்குள்ள வேற பெட்டியோட வருவாங்க."

சம்பந்தி அவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் எண்ணத் தொடங்கினார். பதினெட்டில் திரை விலகியது. நீலநிறப் பெட்டி ஒன்றோடு அப்பெண் வந்து அமர்ந்து, காலணியை எடுத்து நீட்டினார். சம்பந்தி அதனைக் காலில் மாட்டவில்லை. கையில் வாங்கினார், திருப்பினார், விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். முந்தைய ஜோடியின் அடியில் விலைச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. அதன் இடமூலை முக்கோணமாகக் கிழிந்திருந்ததை அவர் கண் குறித்து வைத்திருந்தது. இதிலும் இடமூலை முக்கோணமாகக் கிழிந்திருந்தது. போலிப் பயணச்சீட்டைப் பிடித்த பரிசோதகரைப்போல் அவர் அக்காலணியை உயர்த்தினார்.

உடனே அப்பெண், காலணியின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டி, நம்பிக்கை ததும்பும் குரலில் ஒரு வாக்கியம் சொன்னார்.

"மாமா, இவங்க என்ன சொல்றாங்கன்னா..." என்று மகள் தொடங்கினாள்.

"வேண்டாம்மா" என்று இரு முதியவர்களும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தினர். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர்.

சம்பந்தி சிரித்தார். முதலில் தோள்கள் மட்டும் குலுங்கின. அப்புறம் சத்தம் வந்தது. அப்புறம் கண்ணில் நீர் வந்தது. ஐந்தாண்டுச் சிரிப்பு ஒரே தவணையில் வெளிவந்தது. வேறு செருப்பு வாங்கி இருவரும் மாட்டிக்கொண்ட பின்பும் அது அடங்கவில்லை. விற்பனையாளரின் மனைவி, மகளின் முழங்கையை முறுக்கிவிட்டார். மகள் கைப்பேசியை உயர்த்தினாள்.

அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டுத் தொகுப்பின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அரண்மனை, பாலம், மணிக்கூண்டு ஆகியவை அடுத்த பக்கங்களில் இருக்கின்றன. அவற்றை அம்மையார் விருந்தினருக்கு வேகமாகப் புரட்டிக் காட்டுகிறார். முதல் பக்கத்தில் இரண்டு முதியவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். இருவர் காலிலும் அக்கடையில் ஒன்பதாம் எண்ணுக்குக் கிடைத்த ஒரே பொருளான, முயல் முகம் தைத்த இளஞ்சிவப்பு வீட்டுச் செருப்பு. ஓரத்தில் அந்த விற்பனைப் பெண், கையில் நீலப் பெட்டியோடு, ஒன்றும் விளங்காமல் நிற்கிறார்.

ஊர் திரும்பிய மறுமாதம் சம்பந்தி அவர்கள் வீட்டுக்கு வந்தார். நானும் அப்போது அங்கிருந்தேன். வண்டியிலிருந்து இறங்கியவரின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அம்மையாரும் விற்பனையாளரும் குனிந்து அவர் காலைத்தான் பார்த்தனர். முயல்கள் இரண்டும் சற்று அழுக்காகியிருந்தன.